காணாக்கடி

முதல் தடிப்பு இடது மணிக்கட்டில், கைக்கடிகாரத்தின் வாருக்கு அடியில் வந்தது. கொசுக்கடி போலச் சிவந்து, விளிம்பு மேடிட்டு, ஐம்பது காசு அகலத்தில் இருந்தது. மாலைக்குள் தடம் தெரியாமல் மறைந்துவிட்டது. மறுநாள் காலை முழங்கை மடிப்பில் அதே போல் ஒன்று. அடுத்த வாரம் கழுத்தைச் சுற்றி வரிசையாக வந்தன.

எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை என் தோலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பள்ளி நாளில்கூட முகத்தில் பரு வராதவள். அதனால் காரணத்தை வெளியே தேடினேன். கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டேன். துணி துவைக்கும் தூளை மாற்றினேன். குளிக்கும் சோப்பை மாற்றினேன். முதலில் இறாலை நிறுத்தினேன், பிறகு முட்டையை, அதற்குப் பிறகு கச்சான் கடலையை. என் கணவர் துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்ப்பவர். ஓர் இயந்திரம் நின்றுபோனால் ஒவ்வொரு பாகமாகச் சோதிப்பதுதான் அவருடைய தொழில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இல்லாவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாமலே போய்விடும் என்றார். அவர் சொல்வதற்குள் நான் எல்லாவற்றையும் மாற்றி முடித்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆன்டி வேலி ஓரம் நின்று என் கையைப் பார்த்தவுடன் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்.

"இது காணாக்கடிமா. எது கடிச்சதுன்னு தெரியாது, ஆனா என்னமோ கடிச்சிருக்கு. வெத்தலைல மொளகு வெச்சு மென்னு முழுங்கு."

மென்று விழுங்கினேன். தொண்டை எரிந்தது. தடிப்பு தன் நேரத்துக்கு வந்து, தன் நேரத்துக்குப் போனது.

நான் வேலை பார்ப்பது கிள்ளான் பக்கத்தில் ஒரு நீதிமன்றத்தில். மலாயில் நடக்கும் விசாரணையைத் தமிழில் சொல்வதும், தமிழில் வரும் பதிலை மலாயில் நீதிபதிக்குச் சொல்வதும் என் வேலை. இதில் ஒரு விதி உண்டு. தன் தம்பியை அடித்ததாக இவர் சொல்கிறார் என்று நான் சொல்லக் கூடாது. நான் என் தம்பியை அடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சாட்சியின் 'நான்' என் வாயிலும் 'நான்' ஆகவே வர வேண்டும். இப்படிப் பல ஆண்டுகளாகத் திருடியிருக்கிறேன், குடித்துவிட்டு மோட்டார் ஓட்டியிருக்கிறேன், மருமகனிடம் அடி வாங்கியிருக்கிறேன். மதியம் கேண்டீனில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடும்போது அவை எதுவும் என்னுடையவை அல்ல என்பதில் எனக்கு ஒருபோதும் ஐயம் வந்ததில்லை. இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள் என்றுதான் என் மேலதிகாரியும் சொல்வார், நானும் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு ஒரு குழந்தையின் வழக்கு வந்தது. இரண்டு வயதுகூட நிரம்பாத பையன். பகலில் அவனைப் பார்த்துக்கொண்ட பெண்மணியின் வீட்டுக் குளியலறையில், தண்ணீர் பிடித்து வைத்திருந்த பெரிய வாளியில் தலைகீழாக விழுந்து இறந்துவிட்டான். கவனக்குறைவு என்று அந்தப் பெண்மணி மேல் குற்றச்சாட்டு. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தாமான் குடியிருப்பு முழுக்க ஆன்டி என்று அழைக்கப்பட்டவர். பையனின் தாய் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளம்பெண். இருவருமே தமிழில் பேச விரும்பினார்கள். இருவருக்கும் மொழிபெயர்க்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

தாய் முதலில் கூண்டில் ஏறினாள். அன்று காலை பையனை எப்படிக் கொண்டுபோய் விட்டாய் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டார். அவள் அழாமல், மெதுவாக, எதையும் விடாமல் சொன்னாள். மஞ்சள் சட்டை போட்டுவிட்டேன். பால் குடிக்க மாட்டேன் என்றான். பாக்கெட்டில் பிஸ்கட் இருந்தது, அதை எடுக்கவிடவில்லை. கேட் அருகே இறக்கிவிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை, உள்ளே ஓடிவிட்டான். நான் ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் சொன்னேன். என் குரலில் எந்த மாற்றமும் இல்லை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

இடைவேளையில் நடைபாதை நாற்காலியில் அவள் எனக்கு அடுத்து வந்து உட்கார்ந்தாள். சாட்சிகளோடு நாங்கள் வழக்கு பற்றிப் பேசக் கூடாது. எழுந்துகொள்ளலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"எனக்கு மலாய் நல்லாவே புரியும்க்கா. நான் தமிழ்ல சொல்றப்ப ஒண்ணும் தெரியல. நீங்க அத திருப்பிச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் என் புள்ளைக்கு அப்படி ஆயிருச்சுன்னு காதுல விழுந்துச்சு."

நான் தலையசைத்துவிட்டு எழுந்து போனேன். கழிவறைக் கண்ணாடியில் பார்த்தபோது சட்டைக் காலருக்கு மேலே கழுத்து முழுக்கச் சிவந்திருந்தது.

அதன் பிறகு தடிப்பு வராத வாரமே இல்லை என்று ஆனது. வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் சின்ன மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். அரிப்பு அடங்கியது, கூடவே நானும் அடங்கிப்போனேன். ஒரு வாடகை வழக்கில் 'முன்பணம்' என்பதை 'அபராதம்' என்று சொல்லிவிட்டேன். இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். உடனே திருத்திக்கொண்டேன். அன்றோடு பகலில் மாத்திரை போடுவதை நிறுத்தினேன். தலைவலிக்கு மட்டும் கடையில் வாங்கிய வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். முழுக்கை பாஜு சட்டை, கழுத்து வரை பொத்தான், அதற்கு மேல் கறுப்புக் கோட் என்று என்னை மூடிக்கொண்டேன். வெப்பத்தில் அரிப்பு இன்னும் கூடியது. மேசைக்குக் கீழே ஒரு கையால் மற்றொரு கையைச் சொறிந்துகொண்டே மொழிபெயர்க்கப் பழகினேன்.

காரணத்தை முதலில் பார்த்தவர் என் கணவர். ஒருநாள் மாலை என் உடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அது அவருடைய வேலை.

"நாளைக்கு அந்தப் பையன் கேஸா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழுத்த போயி பாரு. போன தடவையும் மொத நாளே வந்துச்சு. கேஸ் தள்ளிப் போச்சுன்னு போன் வந்த ஒடனே எறங்கிருச்சு. நான் கவனிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. தினமும் பார்க்கிற வேலை, இதைவிட மோசமான வழக்குகளையெல்லாம் பார்த்துவிட்டேன் என்றேன். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்த கையைத் தேய்த்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கழுத்தைப் பார்த்தேன்.

சில வாரங்களுக்குப் பிறகு குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்மணியின் முறை வந்தது. பதற்றத்தில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடியே இருந்தார். அன்று காலை சமையல் வாயு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போன் செய்தேன், லோரி வந்தது, கேட்டைத் திறந்து சிலிண்டரை உள்ளே வைக்கச் சொன்னேன், பழைய சிலிண்டரின் மூடி இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் ஆனது என்று சொன்னார். நான் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். மேல் உதடு மரத்துப்போனது போல் இருந்தது. பல் மருத்துவரிடம் ஊசி போட்ட பிறகு இருக்குமே, அதைப் போல.

எந்தச் சத்தமும் கேட்கவில்லையா என்று வழக்கறிஞர் கேட்டார்.

"அழுதிருந்தா கேட்டிருக்கும். அவன் அழவே இல்ல. ஒரு சத்தமும் இல்ல" என்றார் அவர்.

நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தத்துக்கு 'புஞ்ஞி' என்ற எளிய மலாய்ச் சொல். உதடுகள் ஒட்டாததால் முதல் எழுத்து வெறும் காற்றாக வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே காற்று. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீதிபதி அம்மையாரின் முகத்தில் அதிர்ச்சி தெரிந்தது. உங்களுக்கு உடல் நலமில்லையா என்று கேட்டார். நலமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல முயன்றேன், அதுவும் சரியாக வரவில்லை. விசாரணையை ஒத்திவைத்தார். கூண்டருகே நின்ற பெண் போலீஸ்காரர் தன் கைத்தொலைபேசியின் கேமராவைத் திருப்பிக் காட்டினார். என் மேல் உதடு மூன்று மடங்காக வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது.

அவசரப் பிரிவில் ஊசி போட்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று மாலை வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். நாக்கோ தொண்டையோ வீங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் வர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தோல் நிபுணர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நிபுணர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். கிள்ளானிலிருந்து ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய், பூக்கடைகளைத் தாண்டி நடந்தால் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. என்னைவிட இளையவர், தமிழர். முதலில் நான் போட்டுக்கொண்டிருந்த எல்லா மாத்திரைகளையும் மேசை மேல் எடுத்து வைக்கச் சொன்னார். தலைவலி மாத்திரையைத் தனியாக நகர்த்தி வைத்தார். இந்த வகை வலி மாத்திரை பலருக்குத் தடிப்பைக் கூட்டிவிடும், இனி இது வேண்டாம் என்றார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டையும் பார்த்துவிடலாம் என்றார். அதன் பிறகுதான் என்ன வேலை என்று கேட்டார்.

சொன்னேன். என்ன வழக்கு என்று சொல்லவில்லை, குழந்தை இறந்த வழக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"டென்ஷன்தான் ஒரே காரணம்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. நெறைய பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது. ஆனா தோலுக்கு அடியில சில செல்லுங்க இருக்கு. மனசு பதறுறப்ப ஒடம்புல சுரக்கறது அதுங்கள உசுப்பி விட்டுரும். அதுங்க ஹிஸ்டமின்ன கொட்டும், தடிக்கும், அரிக்கும். நீங்க சொறிவீங்க, தூக்கம் கெடும், மறுநாள் இன்னும் பதறும். சுத்திச் சுத்தி அதேதான் லா."

"எனக்குப் பதட்டமே இல்ல டாக்டர். கோர்ட்டுல என் கொரல்கூட மாறாது" என்றேன்.

"கொரல் மாறலதான்" என்றார்.

அவர் சொன்ன வழிகள் எளிமையானவை, சலிப்பூட்டுபவையும்கூட. தூக்கக் கலக்கம் தராத வகை மாத்திரையை, அரிக்கும்போது மட்டும் என்றில்லாமல் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். சுடுநீரில் குளிக்கக் கூடாது. இறுக்கமான உடை வேண்டாம், பருத்தி நல்லது. அரித்தால் நகத்துக்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணி. தூக்கத்துக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் இருக்க வேண்டும். இறாலைத் தாராளமாகச் சாப்பிடலாம். கடைசியாக, அதே கட்டடத்தில் மேல் மாடியில் இருந்த ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, தோலுக்குத்தான் அனுப்புகிறேன் என்றார்.

ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண்மணி. நாங்கள் மலாயில் பேசினோம். எதிர்பார்த்தது போல் என் பிள்ளைப் பருவத்தைப் பற்றியெல்லாம் அவர் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று மணி மணியாகக் கேட்டார். 'நான்' என்று சொல்லும் விதியைப் பற்றி நான் சொன்னபோது, அந்தத் தாயின் சாட்சியத்தில் எந்த வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது என்று கேட்டார். நான் கேட் அருகே இறக்கிவிட்டேன், அவன் திரும்பிப் பார்க்கவில்லை, உள்ளே ஓடிவிட்டான் என்றேன். அதை அவரிடமும் 'நான் இறக்கிவிட்டேன்' என்றே சொல்லியிருக்கிறேன். அவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தேன். அங்கே, அந்த அறையில், எனக்கு அழுகை வந்தது. என் மகள் சின்ன வயதில் பாலர் பள்ளி வாசலில் அதே போல் ஓடுவாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

அவர் எனக்கு இரண்டு பயிற்சிகள் கொடுத்தார். ஒன்று மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்க வேண்டும். சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. இரண்டாவது எனக்கு விளையாட்டுத்தனமாகப் பட்டது. நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்ததும், காரைக் கிளப்புவதற்கு முன், என்னைப் பற்றி நானே சில வாக்கியங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழிலா மலாயிலா என்று கேட்டேன். வீட்டில் எதில் பேசுவீர்களோ அதில் என்றார்.

முதல் நாள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "எனக்குப் பசிக்குது. நான் இப்ப பாசாருக்குப் போறேன். கீரை வாங்கணும். எனக்கு இடுப்பு வலிக்குது." பக்கத்துக் காரில் ஏறிய ஒரு வழக்கறிஞர் என்னைப் பார்த்துவிட்டு, நான் தொலைபேசியில் பேசுகிறேன் என்று நினைத்துக் கையசைத்துப் போனார். அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொடர்ந்து செய்தேன். என் கணவர் மாலையில் நடக்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நடக்கும்போது வழக்கு பற்றி எதுவும் கேட்க மாட்டார். கிரேன் கயிறு, எண்ணெய் அழுத்தம் என்று அவர் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். பாதி புரியாது. அது நன்றாக இருந்தது.

மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். குழந்தை வழக்கை வேறு ஒருவருக்கு மாற்றித் தரவா என்று கேட்டார். பாதியில் விட மனமில்லை என்றேன். அப்படியானால் அது முடியும் வரை அதே மாதிரியான இன்னொரு வழக்கை எனக்குக் கொடுப்பதில்லை என்று ஏற்பாடு செய்தார். கேட்டால் கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கேட்டதில்லை.

விசாரணை மீண்டும் தொடங்கிய நாளில், என் கழுத்தில் சிறிதாக இரண்டு தடிப்புகள் இருந்தன. கோட்டுக்குள் தளர்வான பருத்தி உடை போட்டிருந்தேன். அந்தப் பெண்மணி கூண்டில் ஏறினார். வழக்கறிஞர் கேள்வியைத் தொடங்குவதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு இப்ப ஒடம்பு பரவாயில்லியாமா? அன்னிக்கி என்னாலதான் அப்படி ஆயிருச்சோன்னு எனக்கு ஒரே கவல."

கூண்டிலிருந்து வரும் எதையும் விடக் கூடாது. சாட்சி என்ன சொல்கிறார் என்று நீதிபதி கேட்டார். நான் நீதிபதியைப் பார்த்து, மலாயில், விதிப்படி சொன்னேன். உங்கள் உடல்நிலை இப்போது பரவாயில்லையா, அன்று அப்படி ஆனது என்னால்தானோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. தன் உடல்நிலையையா கேட்கிறார் என்று நீதிபதிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பதில் சொல்லுங்கள் என்று எனக்கு அனுமதி கொடுத்தார். அந்தக் கூடத்தில் எனக்காக நான் பேசியது அன்று ஒருமுறைதான்.

"பரவாயில்லைமா. ஒங்களால இல்ல" என்றேன்.

அவர் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். விசாரணை தொடர்ந்தது.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. கவனக்குறைவு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி வாசித்தார். நீங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள், போகலாம் என்று நான் தமிழில் சொன்னேன். அந்தப் பெண்மணி நகரவில்லை. மறுபடி சொன்னேன். அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு அவள் பையை எடுத்துக்கொண்டு, கணவனுக்கு முன்னால் வெளியே நடந்தாள். அவள் போன பிறகுதான் இவர் கூண்டை விட்டு இறங்கினார். காரில் உட்கார்ந்து நான் என் வாக்கியங்களைச் சொன்னேன். அன்று பசி இல்லை, அதையும் சொன்னேன்.

அன்று மாலை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து அடிக்கடி கண்ணாடியில் பார்த்தேன். எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த மாதம் முழுக்கத் தோல் சுத்தமாக இருந்தது. வழக்கு முடிந்தது, நோயும் முடிந்தது என்று என் கணவரிடம் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கணும் என்று, கிரேனைச் சொல்வது போல் சொன்னார்.

பள்ளி விடுமுறையில் மகளோடு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். துணி எடுக்க. வேலை இல்லாத நாள், மனதில் எந்தப் பாரமும் இல்லை. ஜவுளிக் கடையில் சுடிதார் துணிகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் என் கையைத் தொட்டு, "ம்மா, கழுத்து" என்றாள். இரண்டு கைகளிலும் தடிப்பு ஏறியிருந்தது, கழுத்திலும். கடைக்கார முஸ்லிம் பெரியவர் கேள்வி எதுவும் கேட்காமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். நான் குடிக்காமல் அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டேன். மகள் துணியைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் பாதி இறங்கிவிட்டது.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் போனபோது டாக்டரிடம் இதைப் புகாராகவே சொன்னேன். பதட்டமே இல்லாத நாளில் ஏன் வர வேண்டும் என்று கேட்டேன்.

"எல்லாத் தடவையும் காரணம் சொல்லிட்டு வராதுக்கா. சில பேருக்கு டென்ஷன் எறங்குன பெறகுதான் வரும். சில சமயம் சும்மாவும் வரும். முன்னவிட கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கு."

"வந்தப்ப பயந்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பயப்படவில்லை. மகள் பச்சை நிறம் எடுப்பதா நீலம் எடுப்பதா என்று கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லியிருந்தேன். இல்லை என்றேன். அவர் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். கீழே இறங்கியபோது மழை பிடித்திருந்தது. கடைகளின் முன்கூரைகளை ஒட்டியே ரயில் நிலையம் வரை நடந்தேன்.